அணைக்கலாம்; அழிக்கலாமா?



காலையில் கணிப்பொறியை இயக்குகிறீர்கள். திரை ஒளிர்கிறது, உங்கள் பெயர் தெரிகிறது. கடவுச்சொல்லைத் தட்டலாம் என்று விரலை நீட்டுகிறீர்கள். அதற்குள் திரையின் கீழ்ப்பாதியில் ஒரு பெரிய விசைப்பலகைப் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது! மேசையின்மேல் ஒரு விசைப்பலகை, திரையின்மேல் இன்னொன்று. இரண்டாவதை யார் கேட்டார்கள்? அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மறைந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் காலையில் மறுபடியும் வந்து நிற்கிறது.

இந்தத் தொல்லையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேசப்போகிறேன். ‘இது ஒரு பெரிய விஷயமா?’ என்று நீங்கள் கேட்கலாம். பெரிய விஷயந்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு வீடு

கடலூர் மாவட்டத்தில், கரும்புக்கும் சர்க்கரை ஆலைக்கும் பெயர் பெற்ற ஊர் நெல்லிக்குப்பம். பழுப்பு நிலக்கரி நகரமான நெய்வேலியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. நெல்லிக்குப்பத்தில் என் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“மாமா, எங்கள் கணிப்பொறியில் தினமும் இந்த விசைப்பலகை வந்து தொல்லை கொடுக்கிறது. கடவுச்சொல் எழுதும் கட்டத்தையே மறைத்துவிடுகிறது. என் தோழி ஒரு வழி சொன்னாள். அந்த நிரலின் கோப்பையே அழித்துவிட்டால் பிறகு வரவே வராதாம். அழித்துவிடட்டுமா?”

“அழிப்பது இருக்கட்டும். அது ஏன் வருகிறது என்று கண்டுபிடித்தாயா?” என்று கேட்டேன்.

“ஏன் வந்தால் என்ன மாமா? போனால் சரி!”

இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தப் பெண் சொன்னதை நாமும் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறோம். தலைவலி வந்தால் மாத்திரை. விளக்கு மினுக்கினால் ஒரு தட்டு. காரணம் தெரியாமல் தொல்லை நீங்கினால் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் காரணம் தெரியாமல் நீங்கிய தொல்லை எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். சில வேளைகளில் அது வேறொருவர் தலையில் போய் விழுந்திருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது.

முதலில் கேள்வி, பிறகு கை

ஒரு மருத்துவர் உங்களைப் பார்த்தவுடன் ஊசி போடுகிறாரா? இல்லை. எப்போதிலிருந்து காய்ச்சல், இரவில் அதிகமா பகலில் அதிகமா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கிறார். கணிப்பொறியிடமும் அப்படியே கேட்க வேண்டும். நான் அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொல்லி நான்கு கேள்விகளை எழுதச் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: விசைப்பலகை எப்போது தோன்றுகிறது? கடவுச்சொல்லைத் தருவதற்கு முன்பா, உள்ளே நுழைந்த பிறகா, இரண்டு வேளையிலுமா? முன்பே தோன்றினால் உள்நுழைவுத் திரைக்கு உரிய அமைப்பைப் பார்க்க வேண்டும். உள்ளே சென்ற பிறகு மட்டும் தோன்றினால் அந்தப் பயனருடைய சொந்த அமைப்பைப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு இடங்கள். பலர் ஒன்றை மாற்றிவிட்டு, மற்றொன்று மாறவில்லையே என்று திகைக்கிறார்கள்.

இரண்டு: அது எந்த விசைப்பலகை? விண்டோஸில் திரையில் தோன்றும் விசைப்பலகைகள் இரண்டு உண்டு. ‘ஆன் ஸ்கிரீன் கீபோர்டு’ என்பது ஒன்று. அது சுட்டியால் அழுத்துவதற்காக அமைக்கப்பட்டது. சன்னல் போன்ற சட்டமும், மூலையில் பெருக்கல் குறியும் உடையது. இடம் மாற்றி வைக்கலாம். மற்றொன்று ‘டச் கீபோர்டு’. அது தொடுதிரைக்கு உரியது. தொடுதிரை உள்ள கணிப்பொறியில், உண்மையான விசைப்பலகை இணைந்திருப்பதைக் கணிப்பொறி உணராதபோது இரண்டாவது எழுந்து வருவதுண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மூன்று: மேசையின்மேல் உள்ள விசைப்பலகை நலமாக இருக்கிறதா? அதன் இணைப்புக் கம்பியைக் கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள். வேறொரு விசைப்பலகையை மாட்டிப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல் விசை, ‘ஓ’ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை விசைப்பலகை தோன்றும். மறுபடி அழுத்தினால் மறையும். சிக்கிக்கொண்ட விசைகளும் தவறிப் பட்ட விரல்களும் நாம் கேட்காத கட்டளைகளைத் தரக்கூடும்.

நான்கு: இந்தக் கணிப்பொறியை வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?

முதல் மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பெண் மளமளவென்று விடை எழுதினாள். விசைப்பலகை உள்நுழைவுத் திரையிலேயே தோன்றுகிறது. தொடுதிரை கிடையாது. வேறு விசைப்பலகையை மாட்டினாலும் அதே கதைதான். நான்காவது கேள்விக்கு வந்தாள்.

“நான், அப்பா... காலையில் தாத்தா செய்தித்தாள் படிப்பார்.”

தாத்தா சொன்ன விடை

அவளுடைய தாத்தா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை ஏறக்குறைய செயலிழந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாக வாய் திறந்தார்.

“தம்பி, அதை வரவழைத்தது நான்தான்.”

வீடே ஒரு கணம் பேச்சற்றுப் போயிற்று.

நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் பேத்தி கணிப்பொறியின் கடவுச்சொல்லை மாற்றினாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக் குறி எல்லாம் சேர்த்து உறுதியான கடவுச்சொல்லாக அமைத்தாள். நல்ல பழக்கந்தான். ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து வேண்டுமானால் ‘ஷிஃப்ட்’ விசையை ஒரு கை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொரு கை எழுத்தைத் தட்ட வேண்டும். தாத்தாவுக்கு இருப்பதோ ஒரு கை! அந்தக் கையிலும் இலேசான நடுக்கம்.

அவர் யாரையும் கேட்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு படத்தை ஒருநாள் அழுத்திப் பார்த்தார். அதில் திரை விசைப்பலகை இருந்தது. அதில் ‘ஷிஃப்ட்’டைச் சுட்டியால் ஒருமுறை அழுத்திவிட்டு, பிறகு எழுத்தை அழுத்தினால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கத் தேவையில்லை. இடது கையால் சுட்டியை நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி அவர் நாள்தோறும் செய்தி படித்துவந்தார்.

“ஏன் தாத்தா எங்களிடம் சொல்லவில்லை?” என்றாள் பேத்தி.

“எல்லாவற்றுக்கும் உங்களையே கூப்பிடுவதா அம்மா?” என்றார் அவர்.

நண்பர்களே, அந்தக் கோப்பை அன்று அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேத்தியின் தொல்லை தீர்ந்திருக்கும். மறுநாள் காலையில் தாத்தா கணிப்பொறியின் முன்னால் அமர்ந்து, மூலையில் உள்ள படத்தை அழுத்திப் பார்த்து, ஒன்றும் வராமல் எழுந்து போயிருப்பார். யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டார். வீட்டில் எல்லோரும் கணிப்பொறி சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்!

விசைப்பலகையின் பிறப்பு

‘எல்லோருக்கும் பொதுவான கருவியில் ஒருவருக்காக ஏன் இத்தனை ஏற்பாடு?’ என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் ஓர் எழுத்துப்பொறி செய்தார். பார்வை இழந்த ஒரு பெண்மணி தாமே கடிதம் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பொறி அது. பொறி இன்று இல்லை. அதில் எழுதப்பட்ட, 1808-ஆம் ஆண்டைச் சேர்ந்த கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. டென்மார்க்கில் காது கேளாதோர் பள்ளியின் தலைவராக இருந்த மாலிங் ஹான்சன், 1870-இல் ஓர் எழுத்து உருண்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஷோல்ஸ் அமைத்த தட்டச்சுப் பொறி ரெமிங்டன் நிறுவனத்தின் தயாரிப்பாகக் கடைக்கு வந்தது அதற்கும் பிறகு, 1874-இல்தான்.

பார்த்தீர்களா! விசையைத் தட்டி எழுதும் வித்தையே உடற்குறை உள்ள ஒருவருக்கு உதவும் முயற்சியில் முளைவிட்டது. பத்து விரல்களும் நன்றாக இயங்குவோர் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள். இன்று அதே விசைப்பலகை ஒரு கை உள்ளவரைப் பார்த்து ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று சொன்னால் அது நன்றி மறந்த செயல் அல்லவா?

இயற்பியல் மேதை ஸ்டீபன் ஹாக்கிங்கை நீங்கள் அறிவீர்கள். 1985-இல் தொண்டையில் செய்த அறுவையால் அவர் பேசும் ஆற்றலை இழந்தார். அதன்பின் அவர் பேசியதெல்லாம் கணிப்பொறி வழியாகத்தான். திரையில் எழுத்துகளும் சொற்களும் வரிசையாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது ஒரே ஓர் அழுத்து. முதலில் கைவிரலால் அழுத்தினார். பிறகு விரலும் ஓய்ந்தபோது கன்னத்தின் சிறு அசைவால் தேர்ந்தெடுத்தார். 2018-இல் மறையும்வரை அவருடைய உரைகள் இப்படித்தான் உருவாயின. அவருக்காக இன்டெல் நிறுவனம் வடிவமைத்த மென்பொருளை 2015-இல் எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள்.

நம் விண்டோஸின் திரை விசைப்பலகையிலும் இதே தத்துவம் உண்டு. அதன் ‘ஆப்ஷன்ஸ்’ விசையை அழுத்திப் பாருங்கள். விசையின்மேல் சுட்டியைச் சற்று நேரம் நிறுத்தினாலே அது அழுத்தப்பட்டதாகக் கொள்ளும் முறை ஒன்று. விசைகள் தாமாகவே வரிசையாக ஒளிர, ஒரே ஒரு பொத்தானால் தேர்ந்தெடுக்கும் முறை இன்னொன்று. நீங்கள் ‘வேண்டாத தொல்லை’ என்று பெருக்கல் குறியிட்டு மூடும் பொருளுக்குள் இவ்வளவு இருக்கிறது!

தமிழுக்கும் அதில் ஒரு பங்கு

இன்னொரு பயனும் உண்டு. 247 எழுத்துகள் கொண்ட தமிழை விசைப்பலகையில் அடக்குவது எளிய காரியம் அன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்து வழிகாட்டினார். கணிப்பொறிக் காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொட்டுத் ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகை அமைப்பு உருவாயிற்று. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்வரிசை எழுத்துகள் வலது கைப் பக்கம் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஆனால் நாம் கடையில் வாங்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவற்றின்மேல் தமிழ் எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதில்லை. எந்த விசையில் ‘ழ’ இருக்கிறது? திரை விசைப்பலகையைத் திறந்து மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். விசைகளின்மேல் தமிழ் எழுத்துகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மேசைமேல் உள்ள விசைகளைத் தட்டிப் பழகலாம். செலவில்லாத தட்டச்சு ஆசிரியர்!

உள்நுழைவுத் திரையிலும் இது கைகொடுக்கும். ‘சரியாகத்தான் தட்டினேன், தவறான கடவுச்சொல் என்கிறதே’ என்று திகைத்திருக்கிறீர்களா? சில வேளைகளில் மொழி மாறியிருக்கும். சில வேளைகளில் பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்கும். சில வேளைகளில் ஒரு விசை பழுதாகியிருக்கும். திரை விசைப்பலகையைத் திறந்தால், எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு

நண்பர்களே, ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது அறிவியல் ஆகாது. அந்தப் பெண்ணின் எரிச்சலிலும் நியாயம் உண்டு. தேவையில்லாதவருக்கு அந்த விசைப்பலகை உண்மையாகவே இடைஞ்சல். அது கட்டத்தை மறைக்கிறது, நேரத்தைத் தின்கிறது. பள்ளிக் கணிப்பொறி அறையில் திரையில் கடவுச்சொல்லை அழுத்தினால் பின்னால் நிற்பவர் எழுத்து எழுத்தாகப் படித்துவிடலாம். ‘திரை விசைப்பலகையில் அழுத்தினால் திருடர்களால் கண்டுபிடிக்கவே முடியாது’ என்று சிலர் நம்புகிறார்கள். அது முழு உண்மை அன்று. திரையையே படம் பிடிக்கும் தீய நிரல்களும் உண்டு.

விண்டோஸை வடிவமைத்தவர்கள்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பெருக்கல் குறியை அழுத்தினால் இன்றைக்கு மூடிக்கொள்ளும் விசைப்பலகை, நாளைக்கு மறுபடியும் ஏன் வரும் என்பதைச் சொல்வதில்லை. ‘என்னை இயக்கும் அமைப்பு இந்த இடத்தில் இருக்கிறது’ என்று ஒரே ஒரு வரி, அதுவும் நம் மொழியில் சொல்லியிருந்தால், கோப்பை அழிக்கும் எண்ணம் யாருக்காவது வருமா? விளக்கம் சொல்லாத கருவி மனிதனுக்கு எரிச்சல் ஊட்டுகிறது. எரிச்சல் கொண்ட மனிதன் சுத்தியலைத் தேடுகிறான்.

முறையாக அணைப்பது எப்படி?

அணைப்பதற்கு வழி எளிது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் உள்நுழைவுத் திரையிலேயே பாருங்கள். வலது கீழ் மூலையில் அணுகல் உதவிகளுக்கான சிறு படம் இருக்கும். விண்டோஸ் 11-இல் அது ஒரு மனித உருவம். அதை அழுத்தினால் உதவிகளின் பட்டியல் விரியும். அதில் ‘ஆன் ஸ்கிரீன் கீபோர்டு’ இயங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மறுமுறை கணிப்பொறியை இயக்கிப் பாருங்கள். போய்விட்டதா? நோட்டில் எழுதுங்கள்.

போகவில்லை என்றால் உள்ளே சென்று ‘கன்ட்ரோல் பேனல்’ திறந்து, ‘ஈஸ் ஆஃப் அக்சஸ் சென்டர்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே இடப்பக்கத்தில் உள்நுழைவு அமைப்புகளை மாற்றுவதற்கான வரி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் ஒரு பட்டியல் தெரியும். ஒவ்வோர் உதவிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: ஒன்று உள்நுழையும்போது, மற்றொன்று உள்நுழைந்த பிறகு. திரை விசைப்பலகைக்கு எதிரே எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லாத குறியை மட்டும் எடுத்துவிட்டு அமைப்பைச் சேமியுங்கள். நிர்வாகியின் அனுமதி கேட்கப்பட்டால், பள்ளியில் ஆசிரியரையும் வீட்டில் பெரியவரையும் கேட்டுச் செய்யுங்கள்.

லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் க்னோம் திரை இருந்தால், உள்நுழைவுத் திரையின் மூலையில் உள்ள மனித உருவத்தை அழுத்துங்கள். அங்கே திரை விசைப்பலகைக்கான மாற்றி இருக்கும்.

ஒரு விதியை மறவாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்! ஐந்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், எது தீர்த்து வைத்தது என்பது உங்களுக்கே தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துக்கொள்கிறோமே, அதே விதிதான் இங்கும்.

கோப்பை அழிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அமைப்புக் கோப்புகளை விண்டோஸ் காவலுடன் வைத்திருக்கிறது. அந்தக் காவலை உடைத்துத்தான் அழிக்க முடியும். உள்நுழைவுத் திரையில் இயங்கும் நிரல்களுக்குக் கணிப்பொறியில் மிக உயர்ந்த அதிகாரம் உண்டு. அந்த இடத்தில் வேறு நிரலைப் புகுத்துவது தீயவர்கள் கையாளும் பழைய தந்திரம். ஆகவே அந்தக் கதவின் தாழ்ப்பாளை நாமே கழற்றிப் பழகக்கூடாது. முறைப்படி அணைத்த பிறகும் விசைப்பலகை தானாகத் திரும்பத் திரும்ப வந்தால், அதை மறைக்காமல் விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகு நிலக்கரி

அன்று தாத்தா ஒரு கதை சொன்னார். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

நெய்வேலியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930-களில் கிணறு தோண்டியபோது கிடைத்த கருநிறத் துகள்களால் தெரியவந்தது. 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் சுரங்க வேலையை ஆரம்பித்தார்கள். நிலக்கரியைக் கண்ணால் கண்டது 1961-இல். இடையில் நின்ற பெரிய தடை எது தெரியுமா? தண்ணீர்! நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. மேலே உள்ள மண்ணின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும்.

“மேலே ஊறுகிற தண்ணீரை வாளியால் இறைத்தால் தீருமா தம்பி? அழுத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். ஆழமாகக் குழாய்க் கிணறுகள் போட்டு, கீழே இருக்கிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலக்கரி கிடைத்தது” என்றார் தாத்தா.

திரையில் தோன்றும் விசைப்பலகையைப் பெருக்கல் குறியிட்டு மூடுவது வாளியால் இறைப்பது போன்றது. ‘இதை யார், எதற்காக இயக்கினார்கள்?’ என்று கேட்பதுதான் ஆழத்தில் உள்ள அழுத்தத்தைத் தேடுவது.

இருவருக்கும் பொருந்திய தீர்வு

கடைசியில் என்ன செய்தோம்? கணிப்பொறியில் தாத்தாவுக்குத் தனியாக ஒரு கணக்கு அமைத்தோம். அவர் நுழைவதற்கு எண்களால் ஆன ஒரு ‘பின்’ வைத்தோம். எண்களை இடது கையால் ஒவ்வொன்றாக அழுத்தலாம், ‘ஷிஃப்ட்’ தேவையில்லை. உள்நுழைவுத் திரையில் விசைப்பலகை தானாக வருவதை அணைத்தோம். தாத்தாவின் கணக்குக்குள் நுழைந்த பிறகு அது தானாக வரும்படி வைத்தோம். மூலையில் உள்ள சிறு படத்தை அப்படியே விட்டோம். யாருக்கு வேண்டுமோ அவர் அழுத்திக்கொள்ளலாம். ‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற உதவியையும் தாத்தாவுக்குக் காட்டினேன். அது இயங்கும்போது ‘ஷிஃப்ட்’டை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த விசையைத் தட்டலாம். மேசைமேல் உள்ள விசைப்பலகையும் அவருக்கு மறுபடி சொந்தமாயிற்று.

அரை மணி நேர வேலைதான். பேத்தியின் உறுதியான கடவுச்சொல்லும் நின்றது. தாத்தாவின் செய்தித்தாளும் நின்றது.

என் கோரிக்கை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். முதுமையால் கை நடுங்குவோரும், கையில் மாவுக்கட்டுப் போட்டிருப்போரும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டார்கள். கைப்பந்து ஆடி விரலைப் பிசகிக்கொண்டால் நாளைக்கே நீங்களும் அவர்களில் ஒருவர்! 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. உள்நுழைவுத் திரையின் மூலையில் இருக்க வேண்டும்.

ஆகவே பள்ளிகளுக்கு என் கோரிக்கை இது. கணிப்பொறி வகுப்பின் முதல் பாடத்திலேயே, மூலையில் உள்ள அந்தச் சிறு படத்தைத் திறந்து காட்டுங்கள். அதில் உள்ள ஒவ்வோர் உதவியும் யாருக்கு, எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். அறையைச் சீர்செய்யும்போது ‘யாரும் பயன்படுத்துவதில்லை’ என்று அவற்றை நீக்கிவிடாதீர்கள். பயன்படுத்துபவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்பதில்லை.

மாணவர்களுக்கு என் கோரிக்கை இன்னும் சிறியது. அடுத்த முறை ஒரு பொதுக் கணிப்பொறியில் உங்களுக்கு வேண்டாத ஒன்று தோன்றினால், கையை நீட்டுவதற்கு முன் அருகில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது உங்களில் யாருக்காவது வேண்டுமா?”

யாருக்கும் வேண்டாம் என்றால் தாராளமாக அணையுங்கள். யாராவது தயங்கித் தயங்கி “எனக்கு வேண்டும்” என்றால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.